பல்லுக்கு உறுதி

ஆல், வேல் என்னும் இரு மரங்களைப் பல்லுக்கு உறுதியாகவும், நாலையும் இரண்டையும் சொல்லுக்கு உறுதியாகவும் கூறும் பழமொழியை அறியாத தமிழ் இல்லம் இல்லை. நாலு என்பது நாலடியார் என்றும், இரண்டு என்பது திருக்குறள் என்றும் நம் பிள்ளைகள் சிறு வயதிலேயே கேட்டு வளர்கின்றனர். சமண முனிவர்கள் அருளியது என்ற பெருமிதத்தோடு நாலடியாரை மனப்பாடம் செய்விக்கிறோம். ஒப்புவித்தல் போட்டி நடத்திப் பரிசும் வழங்குகிறோம். பிற்பாதிக்கு இவ்வளவு சிறப்புச் செய்யும் நாம், அப்பழமொழியின் முற்பாதியை என்ன செய்தோம் என்ற எண்ணம் அண்மையில் ஒரு போட்டிக்கு நடுவராக அமர்ந்திருந்தபோது எனக்கு எழுந்தது. மேடையேறிய பன்னிரண்டு பிள்ளைகளில் ஏழு பேர் வாயில் சொத்தை இருந்ததை நான் அமர்ந்திருந்த இடத்திலிருந்தே காண முடிந்தது. வெண்பாவை ஒரு சீர் பிழையாமல் சொன்ன ஐந்து வயதுச் சிறுமிக்கு மேல் முன்பற்கள் நான்கும் கரைந்து, கருத்த வேர்களாக நின்றன. பாட்டு அவளுக்குத் தெரிந்திருந்தது. தகரம்தான் நாவில் நிற்கவில்லை.

பல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள தொடர்பைப் பவணந்தி முனிவரின் நன்னூலைப் பயின்றவர்கள் அறிவர். மேற்பல்லின் அடியை நாவின் நுனி பொருந்தத் தகர நகரங்களும், மேற்பல்லைக் கீழுதடு பொருந்த வகரமும் பிறக்கும் என்று அந்நூல் வகுத்துரைக்கிறது. மேற்பல்லே இல்லாத குழந்தை எதனைப் பொருந்தும்? இடைச்செருகலாக ஒன்று: பழமொழியில் வரும் வேல் என்பது கருவேல மரம். வேம்பு என்று பலரும் பொருள் கொள்கின்றனர். வேம்பும் நல்லதே, ஆயினும் சொல்லுக்குரிய பொருளை மாற்றலாகாது. ஆசிரியையாக இருந்தவளுக்கு இதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை.

ஆசிரியப் பயிற்சி முடித்தபின், செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரம் கடற்கரைக்கும் இடைப்பட்ட சிற்றூர்ப் பள்ளிகளில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணிபுரிந்தேன். காலை வழிபாடு முடிந்ததும் நகமும் பல்லும் பார்ப்பது அந்நாளைய வழக்கம். எதனால் பல் துலக்கினாய் என்று கேட்டால் ஊருக்கு ஒரு விடை கிடைக்கும். ஏரிப் பாசனத்து நெல்லூர்களில் உமிக்கரி, சூளை உள்ள ஊர்களில் செங்கல் தூள், பாலாற்றங்கரையில் மணல், கேளம்பாக்கம் பக்கம் உப்பளத்து உப்பு. கடலோரக் குப்பத்துப் பிள்ளைகள் சிலர் கடல்நுரையைப் பொடித்துத் தேய்ப்பதாகச் சொல்வர். வெண்மையாகத் தக்கைபோல் கரையொதுங்கும் அப்பொருள் நாட்டு மருந்துக் கடைகளிலும் கிடைக்கும். பெயர் நுரையாயினும் அது கணவாய் என்னும் கடலுயிரியின் உள்ளோடு. வீட்டில் பல்பொடி இடிக்கும் நம் தாய்மார்கள் பழைய குறிப்பேடுகளில் அச்சொல்லைக் கண்டால், அது இன்னதென்று அறிந்துகொண்டு விட்டுவிடலாம்.

எம்.ஜி.ஆர். முதலமைச்சராக இருந்த 1980களில், சத்துணவுத் திட்டத்தை அடுத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பல்பொடியும் வழங்கப்பட்டது. அதனைப் பங்கிட்டுக் கொடுத்தவர்களில் நானும் ஒருத்தி. பிள்ளைகளில் பாதிப் பேர் அதன் இனிப்புக்காக உள்ளங்கையில் கொட்டி நக்கினர். நானும் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். பொடியைக் கொடுத்த அளவுக்கு, அதனை எப்போது, எவ்வாறு பயன்படுத்துவது என்பதை நான் கற்பிக்கவில்லை. அன்று விட்டுப்போன அந்தப் பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல் ஏன் சொத்தையாகிறது?

பல்லைப் போர்த்தியிருக்கும் எனாமல் நம் உடலிலேயே மிகக் கடினமான பொருள், எலும்பைவிடக் கடினமானது. ஆயினும் எலும்பு முறிந்தால் கூடும், தோல் கிழிந்தால் வளரும்; எனாமல் குழிவிழுந்தால் மீண்டும் வளர்வதில்லை. அதனை உண்டாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

வாயில் வாழும் நுண்ணுயிர்கள் பல்லின்மேல் பசைபோன்ற படலமாகப் படிகின்றன. நகத்தால் சுரண்டினால் வெண்ணெய்போல் வருவது அதுவே. நாம் உண்ணும் சர்க்கரையையும் வெந்த மாவையும் அவை அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் பட்ட சில நிமிடங்களில் எனாமலின் சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் மெல்ல மெல்ல அவ்வமிலத்தைத் தணித்து, கரைந்த சத்தில் ஒரு பகுதியைத் திரும்பவும் பல்லில் படியச் செய்கிறது. இதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அதற்குள் அடுத்த பிஸ்கட் வாய்க்குள் போனால் கரைதல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஆகவே எவ்வளவு இனிப்பு உண்கிறோம் என்பதைவிட, நாளில் எத்தனை முறை உண்கிறோம் என்பதே பெரிது. திருமணப் பந்தியில் அமர்ந்து நான்கு இனிப்புகளை ஒரே முறையாக உண்பவரைவிட, ஒரு பொட்டலம் மிட்டாயை மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை ஒவ்வொன்றாகச் சுவைக்கும் குழந்தையின் பற்களுக்கே கேடு மிகுதி.

நம் சமூகத் தாய்மார்கள் சிலரிடம் ஒரு தாளைக் கொடுத்து, பள்ளி விடுமுறை நாளொன்றில் குழந்தையின் வாய்க்குள் எது போனாலும் ஒரு கோடு போடுங்கள் என்றேன். ஒரு தாளில் பதினொரு கோடுகள் இருந்தன. ஒவ்வொரு முறைக்கும் அரைமணி என்று கொண்டாலும் ஐந்தரை மணி நேரம் அப்பற்கள் அமிலத்தில் நின்றன என்று கணக்கிட்டுக் காட்டினேன். அந்தத் தாய், "நான் சர்க்கரையே கொடுப்பதில்லை டீச்சர், பனங்கற்கண்டும் கடலை மிட்டாயும்தான்" என்றார். கருப்பட்டி, பனங்கற்கண்டு, வெல்லம், பேரீச்சம்பழம் எல்லாமே அந்நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரைதான். கடலை மிட்டாயில் கடலைச் சத்து உண்டு. அதனை உணவோடு சேர்த்து ஒரு வேளையில் கொடுத்து முடித்துவிடலாம். பல்லில் ஒட்டும் பண்டங்களே நெடுநேரம் தங்குகின்றன.

சொத்தையைப் புழு அரித்த குழி என்று இன்றும் நம்புவோர் உளர். கண்டங்கத்திரி விதையைச் சுட்டு, அந்தப் புகையை வாயில் பிடிக்கச் செய்து, தண்ணீரில் விழும் வெண்மையான துணுக்குகளைப் பல்லிலிருந்து வந்த புழுக்கள் என்று காட்டுவோரை நான் சந்தைகளில் கண்டிருக்கிறேன். அவை விதையின் உள்ளீடுகளே. பல்லில் புழு இல்லை. அந்தப் புழுவுக்கு ஊறு நேருமே என்று மருத்துவரிடம் செல்லத் தயங்கிய முதியவர் ஒருவரையும் அறிவேன். அவர் கருணையைப் போற்றுகிறேன். அக்கருணைக்கு அங்கே வேலை இல்லை.

கதிரவன் மறையுமுன்

உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுகிறது. பகலில் பல்லைக் காக்கும் காவலர் இரவில் இல்லை என்பது இதன் பொருள். படுக்கைக்குச் செல்லும் நேரத்தில் வாயில் எஞ்சியிருக்கும் உணவு, பகலில் தங்கும் உணவைவிடக் கூடுதலான தீங்கு செய்யும். இரவில் பல் துலக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம்.

கதிரவன் மறையுமுன் உணவை முடிப்பது நம் முன்னோர் வகுத்த ஒழுக்கம். உயிர்களுக்கு ஊறு நேராமல் இருக்க வகுத்தது அது. எனினும் பல்லுக்கும் அதில் நன்மை உண்டு. மாலை உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கிறது. உமிழ்நீர் தன் பணியைச் செய்யப் போதிய காலம் அது. அப்படியிருந்தும் இரவுண்ணாமையைத் தவறாமல் கடைப்பிடிக்கும் இல்லங்களிலும் சொத்தையைக் காண்கிறோம். காரணம் எளியது. நம்மில் பெரும்பாலோர் காலையில் மட்டுமே பல் துலக்குகிறோம். மாலை ஆறு மணிக்கு உண்ட உணவின் துணுக்கு மறுநாள் காலை ஆறு மணிவரை, பன்னிரண்டு மணி நேரம், பல்லிடுக்கில் தங்குகிறது.

இதைப் பெண்கள் கூட்டம் ஒன்றில் சொன்னபோது, என்னினும் மூத்த அம்மையார் ஒருவர், "சூரியன் மறைந்தால் தண்ணீரும் வாயில் படாத விரதம் எனக்கு. படுக்கப் போகும்போது எப்படியம்மா பல் விளக்குவது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. படுக்கப் போகும்வரை காத்திருக்க வேண்டாம் என்பதே அதற்கு விடை. மாலை உணவு முடிந்ததும், கடைசித் தண்ணீரைக் குடிக்குமுன் துலக்கிவிடலாம். அதற்குப்பின் எதுவும் உண்ணாதவருக்கு அத்துலக்கலே இரவு முழுவதற்கும் போதும். எலுமிச்சை, புளி மிகுந்த உணவாக இருந்தால் வாயைக் கொப்பளித்து, அரைமணி கழித்துத் துலக்குவது நல்லது. புளிப்பால் இளகிய எனாமலை உடனே தேய்க்கலாகாது. ஆகவே மாலை உணவைச் சற்று முன்னதாகவே வைத்துக்கொள்ள வேண்டும். விரதம் மேற்கொள்ளாமல் இரவில் பால் குடிக்கும் பிள்ளைகளும், வேலை முடிந்து பிந்தி உண்போரும் படுக்குமுன் துலக்கியே ஆக வேண்டும்.

திகம்பர முனிவர்களுக்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களில் பல் துலக்காமையும் ஒன்று. இதைக் காட்டி, நோன்பு நாட்களில் பிள்ளைகளையும் துலக்க வேண்டாம் என்று தடுக்கும் வீடுகள் உண்டு. முனிவர் நாளைக்கு ஒரே முறை, நின்றவாறு, கையையே கலமாகக் கொண்டு உண்பவர். பதினொரு கோடு வாங்கிய பிள்ளைக்கு அவ்விதி எப்படிப் பொருந்தும்? இல்லறத்தார் உபவாச நாளில் தாம் ஏற்ற வரம்பு இடம் கொடுக்குமாயின், பசையும் நீருமின்றி வெறும் பிரஷால் மெல்லத் தேய்க்கலாம். அன்று வாய் உலர்வதால் நாற்றமும் படலமும் மிகும். ஐயமிருப்பின் குருமாரிடம் கேட்டுத் தெளிக.

மேடையில் கண்ட சிறுமிக்கு வருகிறேன். அவள் மூன்று வயதுவரை சர்க்கரை கலந்த பால் நிறைந்த புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவாள் என்று அவள் தாய் பிறகு சொன்னார். அவ்வகைச் சொத்தை மேல் முன்பற்களையே முதலில் தாக்கும். கீழ் முன்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பும். குழந்தைக்கு ஒரு வயது நிறைந்ததும் புட்டியை விடுவித்து, கிண்ணத்தில் பருகப் பழக்க வேண்டும். புட்டியோடு உறங்கியே தீரும் குழந்தைக்கு அதில் வெறும் தண்ணீர் இருக்கட்டும். பிற வீடுகளில் குழந்தைக்குத் தேன் தடவுவர். நாம் தேனை விலக்கினோம். அதற்கு மாற்றாகச் சர்க்கரைப் பாகு தடவும் வழக்கத்தையும் விலக்கலாம்.

துலக்கும் முறை

பிரஷின் மயிர் மென்மையாக இருக்க வேண்டும். வன்மையான பிரஷும் உமிக்கரியும் செங்கல் தூளும் பல்லை வெளுக்கச் செய்வதுபோல் தோன்றினாலும், ஈற்றின் ஓரத்தில் பல்லைத் தேய்த்து ஆப்புப்போல் பள்ளம் பறித்துவிடும். என் பாட்டியாரின் பற்கள் எண்பது வயதுவரை விழவில்லை; ஆனால் வெந்நீரும் குளிர்நீரும் பட்டால் துடித்துப்போவார். உமிக்கரி செய்த பள்ளமே அது என்று பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். ஆலங்குச்சியையோ வேப்பங்குச்சியையோ நன்கு மென்று நாராக்கி மெல்லத் தேய்ப்பவர்கள் அதனைத் தொடரலாம். இரவுக்குப் பற்பசையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரஷை ஈறும் பல்லும் கூடுமிடத்தில் சாய்வாக வைத்து, சிறு சிறு அசைவாக, இரண்டிரண்டு பற்களாக நகர்த்த வேண்டும். வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என மூன்றும் முடிய இரண்டு நிமிடம் பிடிக்கும். நுரையைத் துப்பியபின் குடம் குடமாய்க் கொப்பளிக்க வேண்டாம். பசையிலுள்ள மருந்து சற்று நேரம் பல்லில் தங்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷை மாற்றுக. துலக்கும்போது ஈற்றில் குருதி வந்தால் அஞ்சி அவ்விடத்தை விட்டுவிடுகிறோம். அங்கேதான் படலம் மிகுதி. மென்மையாக, ஆனால் தவறாமல் அங்கேயே துலக்கினால் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் நிற்கும். நிற்காவிடில் அது கெட்டிப்பட்டுக் காரையாகிவிட்டது; பல் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஏழெட்டு வயதுவரை பிள்ளை தானாகத் துலக்கியதை நம்பாதீர்கள். நாலுகோடு நோட்டில் கோட்டைத் தாண்டாமல் எழுதத் தெரியாத கைக்குக் கடைவாய்ப் பல்லின் உட்புறம் எட்டாது. அவன் துலக்கட்டும், பிறகு தாயோ தந்தையோ ஒருமுறை துலக்கிவிட வேண்டும்.

புளோரைடு உள்ள பற்பசை கூடாது என்ற அச்சம் நம் வீடுகளில் பரவியிருக்கிறது. அச்சத்துக்கு மூலம் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதியாக இருந்ததால், பல் உருவாகும் பருவத்தில் அந்நீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பற்கள் பழுப்பேறித் திட்டுத்திட்டாயின. சிலருக்கு எலும்பும் பாதிப்புற்றது. காவிரி நீரை அங்கே கொண்டுசெல்லும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். அது ஆண்டுக்கணக்கில் குடித்த நீரால் வந்த கேடு. பல்லின் மேற்புறத்தில் பூசித் துப்பிவிடும் சிறிதளவு புளோரைடோ, கரையத் தொடங்கிய எனாமலை மீண்டும் உறுதிப்படுத்துகிறது. நம் நாட்டு விதிப்படி பற்பசையில் அது பத்து லட்சம் பங்குக்கு 1000 பங்குக்கு மேற்படலாகாது. அளவு குழாயின்மேல் அச்சிட்டிருக்கும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசிமணி அளவும், ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவும் போதும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷின் நீளத்துக்குப் பிதுக்குவது பசை விற்போருக்கே இலாபம். சில பற்பசைகளில் சைவப் பொருள் என்பதற்குரிய பச்சைப் புள்ளி உண்டு, வாங்குமுன் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறு வயதுக் கடைவாய்ப் பல்

பாற்பற்கள் இருபது, நிலைப்பற்கள் முப்பத்திரண்டு என்று ஒப்புவிக்காத மாணவர் இல்லை. ஆயினும் பெற்றோரில் பத்துக்கு எட்டுப் பேர் அறியாத ஒன்று இதில் உண்டு. பாற்பல் விழுந்த இடத்தில்தான் நிலைப்பல் முளைக்கும் என்று எண்ணுகிறோம். ஏறத்தாழ ஆறு வயதில், பாற்பல் எதுவும் விழாமலே, கடைசிப் பாற்பல்லுக்குப் பின்னால், மேலும் கீழுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் ஓசையின்றி முளைக்கின்றன. இவை நிலைப்பற்கள். வேறொரு பல் இவற்றின் இடத்தில் வாராது. பாற்பல் என்று கருதி, "சொத்தையானால் என்ன, விழுந்து முளைக்கப் போகிறதுதானே" என்று இருந்துவிடுகிறோம். மெல்லும் வேலையின் பெரும்பங்கு வாழ்நாள் முழுவதும் இவற்றுக்கே உரியது. இவற்றின் மேற்பரப்பில் ஆழமான வரிப்பள்ளங்கள் உள்ளன. பிரஷின் மயிர் அதற்குள் நுழையாது. முளைத்த ஓராண்டுக்குள் பல் மருத்துவரிடம் காட்டினால், அப்பள்ளங்களைப் பூச்சினால் அடைத்துவிடுவார். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. உங்கள் வீட்டில் ஆறு ஏழு வயதுப் பிள்ளை இருந்தால், இப்பக்கத்தை மூடிவைத்துவிட்டு ஒரு டார்ச்சை எடுத்து அவன் வாயைப் பாருங்கள்.

பாற்பல்லையும் அலட்சியம் செய்வதற்கில்லை. உரிய காலத்துக்கு முன் அதனைப் பிடுங்கினால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னர் வரும் பல் கோணலாக முளைக்கும்.

இனி, எழுதக் கை கூசும் ஒரு செய்தி. நான்கு ஆண்டுகளுக்கு முன், என் தம்பியின் குடும்பத்தோடு மாமல்லபுரம் சென்றிருந்தோம். வெண்ணெய் உருண்டைப் பாறை நிற்கும் சரிவு, தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கி விளையாடி வழவழப்பான இடம். தம்பியின் பேரன் ஒன்பது வயதுச் சிறுவன். சறுக்கியவன் முகங்குப்புற விழுந்தான். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று மண்ணில் கிடந்தது. எல்லாரும் பதறியபோது, முப்பத்தைந்து ஆண்டு சுகாதாரப் பாடம் நடத்தியவள் என்ற துணிவில் நான் முன்வந்தேன். பல்லைக் குழாயடியில் பிடித்து, கட்டைவிரலால் வேர்வரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கைக்குட்டையில் நன்றாகத் துடைத்து முடிந்துகொண்டேன். பையனுக்கு ஐஸ்கட்டி வைத்து, அவன் அழுகை ஓய்ந்தபின் புறப்பட்டு, பல் மருத்துவரை அடைவதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"யார் இதைக் கழுவியது?" என்று அம்மருத்துவர் கேட்டார். நான் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. வேரைச் சுற்றி உயிருள்ள மெல்லிய இழைகள் இருக்கும் என்றும், பல்லை எலும்போடு மீண்டும் இணைப்பவை அவையே என்றும், தேய்த்ததாலும் உலர்ந்ததாலும் அவை மடிந்துவிட்டன என்றும் அமைதியாக விளக்கினார். பல்லை வைத்துக் கட்டினார். ஈராண்டு நின்றது. பிறகு எலும்பு அதன் வேரைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட, எடுக்க நேர்ந்தது. இப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது. கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் அணிகிறான்; நிலையான செயற்கைப் பல் வைக்கத் தாடை வளர்ச்சி முடியும்வரை காத்திருக்க வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது அவன் உதட்டை மூடிக்கொள்வதை நான் பார்க்காததுபோல் இருந்துவிடுகிறேன்.

செய்திருக்க வேண்டியது இது. விழுந்தது நிலைப்பல் என்றால் அதன் வெண்மையான தலைப்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும், வேரைத் தொடலாகாது. மண் ஒட்டியிருந்தால் பாலிலோ தூய நீரிலோ சில நொடிகள் அலசினால் போதும், தேய்க்கவே கூடாது. பிள்ளை தெளிவாக இருந்தால், பக்கத்துப் பல்லைப் பார்த்து முன்பின் மாறாமல் அக்குழியிலேயே பல்லைப் பொருத்தி, ஒரு துணியைக் கடிக்கச் செய்து கொண்டுசெல்லலாம். அது இயலாதாயின் ஒரு குவளைப் பாலில் பல்லைப் போட்டுக்கொண்டு விரைய வேண்டும். தேநீர்க் கடை இல்லாத சுற்றுலா இடம் உண்டோ? பால் எங்கும் கிடைக்கும். தண்ணீரில் ஊறவைப்பது ஆகாது. அரைமணிக்குள் பொருத்தினால் பல் பிழைக்க நல்ல வாய்ப்புண்டு. ஒரு மணிக்குமேல் உலர்ந்தால் அரிது. விழுந்தது பாற்பல்லாயின் திரும்பப் பொருத்தக் கூடாது. உள்ளிருக்கும் நிலைப்பல்லின் முளைக்கு அது கேடு. பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை மறந்து பொது மருத்துவமனைக்கே முதலில் செல்ல வேண்டும்.

பெரியவர்களுக்குச் சில சொற்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பல் போகும் என்று என் தாயார் சொல்வார். கருவிலிருக்கும் சிசு தாயின் பல்லிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சுவதில்லை. அக்காலத்தில் ஈறு எளிதில் வீங்கும், வாந்தியின் அமிலம் பல்லில் படும், சோர்வினால் துலக்குவதும் குறையும், இவையே காரணம். கருவுற்ற பெண் பல் மருத்துவரிடம் செல்லலாம். நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியானவை. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு விரைவில் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. வலிக்குக் கிராம்பை அப்பல்லின்மேல் வைப்பது சிறிது நேர ஆறுதல். மாத்திரையை ஈற்றில் வைத்தால் புண்ணாகும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது. பல் செட் அணிவோர், என்னைப்போல், இரவில் கழற்றித் துலக்கித் தண்ணீரில் இட்டு வைக்க வேண்டும்.

பல்பொடியில் புகையிலை சேர்ப்பதை மத்திய அரசு 1992-இல் தடை செய்தது. தமிழ்நாட்டில் குட்காவும் பான் மசாலாவும் 2013 முதல் தடையில் உள்ளன. நம் பந்திகளில் தாம்பூலத் தட்டு இன்னும் உண்டு. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. நாள்தோறும் பாக்கு மெல்லும் பெரியவர் வீட்டில் இருந்தால், அவரால் மூன்று விரல்களை நிமிர்த்தி வாய்க்குள் நுழைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டாலும், இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணோ வெண்திட்டோ இருந்தாலும், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

செலவை எண்ணித் தயங்குவோர் பலர். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பல் பிரிவு உண்டு. காட்டாங்கொளத்தூர், கேளம்பாக்கம், மதுராந்தகம், மேல்மருவத்தூர்ப் பகுதிகளில் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் பார்ப்பதால் தனி மருத்துவமனைகளைவிடச் செலவு குறைவு, நேரம் சற்றுக் கூடும். சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் செல்வோர், செங்கற்பட்டிலிருந்து கடற்கரை செல்லும் மின்தொடர் வண்டியில் கோட்டை நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். காலையிலேயே சென்று சீட்டு வாங்கிவிட வேண்டும். உட்கொள்ளும் மாத்திரைகளின் சீட்டையும், நீரிழிவு உள்ளவர் அண்மையில் எடுத்த இரத்தச் சோதனைத் தாளையும் எடுத்துச் செல்க. உபவாச நாளில் பல் பிடுங்கச் செல்ல வேண்டாம்; உணவுண்ட பின் செல்வதே நல்லது. மாலைக்குள் வீடு திரும்பி, கதிரவன் மறையுமுன் கஞ்சி அருந்த நேரம் இருக்குமாறு புறப்படுக.